லெப்சா மொழியும் ரோங் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேங்டாக், பெல்லிங், டார்ஜிலிங் என்று சுற்றிவிட்டு வருகிறவர்களைக் கேட்டால், அங்கே எல்லாரும் நேபாளிதான் பேசுகிறார்கள் என்பார்கள். கடைவீதியிலும் வாடகை ஜீப்பிலும் அது உண்மைதான். ஆனால் அந்த மலைக்கும் ஆற்றுக்கும் பூவுக்கும் நேபாளி வருவதற்கு முன்பே பெயர் வைத்த ஒரு மொழி இன்னமும் அங்கே உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மொழியின் பெயர் லெப்சாவா, ரோங்கா?

இரண்டும் ஒன்றுதான். லெப்சா என்பது வெளியார் வைத்த பெயர். நேபாளி வழியாகப் பரவி அரசு ஆவணங்களிலும் நிலைத்துவிட்டது. அந்த மக்கள் தங்களை ரோங் என்கிறார்கள், மொழியை ரோங்-ரிங் என்கிறார்கள். 'ரிங்' என்றால் மொழி. முழுப் பெயராகச் சொல்லும்போது 'முத்தஞ்சி ரோங்குப் ரும்குப்' என்பார்கள். 'குப்' என்றால் பிள்ளை, 'ரும்' என்றால் தெய்வம். அதாவது அன்னையின் பிள்ளைகள், தெய்வத்தின் பிள்ளைகள். இன்று பலர் பெயரோடு லெப்சா என்பதையே குடும்பப் பெயராகவும் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் இரண்டு பெயரையும் கலந்தே எழுதுகிறேன்.

எங்கே பேசப்படுகிறது?

சிக்கிம் மாநிலம், மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், காலிம்போங் மலைகள், கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டம், பூட்டானின் தென்மேற்கில் சம்ட்சே பகுதி. வரைபடத்தில் பார்த்தால் மூன்று நாடுகள். ரோங் மக்களுக்கு இது முழுவதும் ஒரே நிலம்தான், பெயர் 'மாயெல் ல்யாங்'. ல்யாங் என்றால் நிலம், இடம். அந்தப் பகுதியில் அறியப்பட்டவரை மிகப் பழைய குடிகள் இவர்கள்தான்.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

இந்தியாவின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லெப்சாவைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 50,629 பேர். 2011-ல் 47,331. பத்தே ஆண்டுகளில் மூவாயிரத்துச் சொச்சம் குறைந்திருக்கிறது.

இந்த எண்ணையும் கொஞ்சம் கவனித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'உங்கள் தாய்மொழி என்ன' என்று கணக்கெடுப்பவர் கேட்கும்போது, வீட்டில் நேபாளி பேசுகிற லெப்சாக்காரரும் 'லெப்சா' என்று சொல்வது உண்டு. இனத்தின் மீதுள்ள பற்று அப்படிச் சொல்ல வைக்கிறது. உண்மையில் சரளமாகப் பேசுகிறவர்கள் இதைவிடக் குறைவு என்பதே மொழியியலாளர்களின் கணிப்பு.

சீன-திபெத்தியக் குடும்பம் என்கிறார்களே, அப்படியென்றால் சீனம் மாதிரி இருக்குமா?

இருக்காது. தமிழும் குடுக்கும் ஒரே குடும்பம் என்பதற்காக ஜார்க்கண்டில் குடுக் பேசுகிறவர் சொல்வது நமக்குப் புரிந்துவிடுமா? அது போலத்தான் இதுவும். சீனம் ஒரு கிளை. திபெத்தியம், பர்மியம், மணிப்பூரின் மெய்தெய், நேபாளத்தின் நேவார், லிம்பு எல்லாம் சேர்ந்தது இன்னொரு பெரும் கூட்டம். லெப்சா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

உறவு அடிச்சொற்களில் தெரியும். நெருப்புக்கு லெப்சாவில் 'மி', பர்மியத்தில் 'மீ', திபெத்தியத்தில் 'மே'. மூன்று என்ற எண் லெப்சாவில் 'சாம்', திபெத்தியத்தில் 'சும்', சீனத்தில் 'சான்'. ஆனால் ஒரே ஒலியை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள் என்று சீனத்தில் உள்ள சுருதி வேறுபாடு லெப்சாவில் கிடையாது.

அப்படியானால் திபெத்திய மொழியின் வட்டார வழக்கா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பௌத்தத்தோடு சேர்ந்து திபெத்தியச் சொற்கள் நிறைய வந்தது உண்மை. சிக்கிம் அரசர்கள் பேசிய பூட்டியா மொழி திபெத்தியத்துக்கு மிக நெருக்கமானது, அதன் செல்வாக்கும் உண்டு. ஆனால் லெப்சாவின் இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் தனி. இந்தப் பெரிய குடும்பத்துக்குள் இதற்கு உடன்பிறப்பு எது என்று ஒன்றைக் கைகாட்டி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒற்றை மரமாக நிற்கிற மொழி.

சில சொற்களைச் சொல்லுங்களேன்.

தண்ணீர் 'உங்'. வீடு 'லீ'. மரம் 'குங்'. பூ 'ரிப்'. பறவை 'ஃபோ'. மலைச்சிகரம் 'சூ'. ஏரி 'தா'. பிரம்பு 'ரு'. சிறுதானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் 'சி'. அது இல்லாமல் சடங்கு எதுவும் நடக்காது.

பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விலங்குகளின் பெயர்கள் பலவும் 'ச' என்று தொடங்கும். புலி 'சதோங்', கரடி 'சனா', குரங்கு 'சஹு'. முன்னால் நிற்கிற அந்தச் 'ச' விலங்கு என்று பொருள்பட்ட பழைய சொல்லின் எச்சம் என்பார்கள். செடிகொடிகளில் வகைச்சொல் பின்னால் வரும். மரமானால் பெயருக்குப் பின் குங், பூவானால் ரிப். 'குர்சோங் ரிப்' என்பது அந்த மலைகளில் பூக்கும் வெள்ளை ஆர்க்கிட். டார்ஜிலிங் பொம்மை ரயில் நின்று போகும் குர்சியோங் ஊருக்குப் பெயர் வந்தது இந்தப் பூவால்தான் என்று அங்கே சொல்கிறார்கள்.

எண்ணும் முறை இன்னொரு சுவை. காத், ந்யெத், சாம், ஃபலி, ஃபங்கோ, தரோக், ககியோக், ககு, ககியோத், கதி. பத்து வரை இப்படி. அப்புறம் கணக்கு இருபது இருபதாகப் போகும். இருபதுக்கு 'கா காத்', அதாவது ஓர் இருபது. நாற்பது 'கா ந்யெத்', இரண்டு இருபது. அறுபது 'கா சாம்'. முப்பது வேண்டுமானால் இருபதும் பத்தும்.

தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

மொழிக்குடும்ப உறவு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சில இடங்கள் உண்டு, அவ்வளவுதான். லெப்சாவிலும் வினை கடைசியில்தான் வரும். 'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்ற நம் வரிசையே அங்கும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். பன்மைக்கு இரண்டு விகுதிகள்: மனிதர்களுக்கு 'சங்', மற்றவற்றுக்கு 'பங்'. உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்த நமக்கு இதைப் பார்த்ததும் ஒரு நெருக்கம் தோன்றும். தோன்றட்டும். உலகின் பல மூலைகளிலும் மொழிகள் தனித்தனியாக இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இதை வைத்து உறவு என்று யாராவது எழுதினால் நம்பிவிட வேண்டாம்.

இது எழுத்தில்லாத பேச்சுமொழிதானே?

சொந்த எழுத்து உண்டு. முந்நூறு ஆண்டுகளாக உண்டு.

யார் உருவாக்கியது என்பதற்கு இரண்டு பதில்கள். நூல்களில் பெரும்பாலும் காண்பது, 1700-களின் தொடக்கத்தில் சிக்கிமை ஆண்ட மூன்றாம் சோக்யால் சக்தோர் நம்கியால் காலத்தில் உருவானது என்பது. சோக்யால் என்பது சிக்கிம் அரசர்களின் பட்டம். ரோங் மக்களைக் கேட்டால் திகுங் மென்சலோங் என்ற தங்கள் அறிஞரின் பெயரைச் சொல்வார்கள். அரசர் கொடுத்த எழுத்தா, எங்களவர் ஆக்கிய எழுத்தா என்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை. அரசவையின் ஆதரவும் உள்ளூர் அறிஞரின் உழைப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அரசர் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடுவது நியாயமில்லை என்றே படுகிறது.

எழுத்து எப்படி இருக்கும்?

திபெத்திய எழுத்தின் வழியில் வந்தது. அதன் வேர் பிராமி. அந்த வகையில் தமிழ் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம். மெய்யெழுத்தில் அகரம் தானாக ஒட்டியிருக்கும், மற்ற உயிர்களுக்குக் குறி போட வேண்டும். நம் 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறதே, அது போல லெப்சாவில் இகர, ஒகரக் குறிகள் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும்.

தனித்தன்மை எங்கே என்றால் சொல்லின் இறுதி மெய்யில். பூ என்று பொருள்படும் 'ரிப்'பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'ரி' எழுதி, பக்கத்தில் 'ப்' எழுதி, புள்ளி வைப்போம். லெப்சாவில் அந்த 'ப்' தனி எழுத்தாக வராது. சிறு குறியாகச் சுருங்கி 'ர'வின் தலையில் ஏறிக்கொள்ளும். இகரம் இடப்பக்கம், பகரம் மேலே, நடுவில் ரகரம். ஒரு சொல் முழுவதும் ஒரே எழுத்தைச் சுற்றி அமர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதினார்கள், பின்னால் அதைத் தொண்ணூறு பாகை திருப்பிப் படுக்கையாக எழுதத் தொடங்கினார்கள், கீழே இருந்த இறுதி மெய் அப்படித்தான் தலைக்குமேல் குறியாக மாறியது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். க்ல, ப்ல, ம்ல போல லகரம் சேர்ந்த ஒலிகளுக்குத் தனி எழுத்துகளே உண்டு, மொத்தம் ஏழு.

பழைய நூல்கள் இருக்கின்றனவா?

கையெழுத்துச் சுவடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் பௌத்தக் கதைகளும் குரு பத்மசம்பவரின் வரலாறும் சடங்கு நூல்களும். ஒரே இடத்தில் மிக அதிகமாக இருப்பது நெதர்லாந்தின் லெய்டனில். யோஹான் வான் மானென் என்பவர் திரட்டியவை. தங்கள் ஏடுகளைப் பார்க்க ரோங் பிள்ளைகள் கடல் தாண்டிப் போக வேண்டியிருப்பது வருத்தம்தான். ஆனாலும் அழியாமல் இருக்கின்றனவே என்று நிம்மதியும் வருகிறது.

அச்சுக்கு வந்தது 1840-களில், கிறித்தவப் பாதிரியார்கள் வழியாக. பிறகு ஜார்ஜ் மெயின்வேரிங் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ரோங் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, 1876-ல் இலக்கணம் வெளியிட்டார். அவர் தொகுத்த அகராதி அவர் இறந்த பிறகு 1898-ல் பெர்லினில் அச்சானது; அல்பெர்ட் குருன்வெடல் அதைச் செப்பம் செய்து முடித்தார். லெப்சா எபிரேயத்தையும் சமஸ்கிருதத்தையும் விடப் பழமையானது என்று மெயின்வேரிங் நம்பினார். அந்த முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் அந்த அன்பால் அவர் சேர்த்துவைத்த செடி, பூச்சி, பறவைப் பெயர்கள் இன்று பொக்கிஷம். நம் காலத்துக்கு வந்தால், ஹெலீன் பிளெய்சியெர் 2007-ல் வெளியிட்ட இலக்கணம் முக்கியமானது.

கஞ்சன்ஜங்காவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

8,586 மீட்டர் உயரமான அந்த மலை இவர்களுக்குத் தெய்வம், மூதாதை, காவல் எல்லாம். முதல் ரோங் ஆணையும் பெண்ணையும் அதன் பனியிலிருந்து தாய்த்தெய்வம் படைத்தாள் என்பது அவர்கள் கதை. ஒவ்வொரு குலத்துக்கும் சொந்தமாக ஒரு சூ, ஒரு தா, ஒரு லெப் உண்டு. அதாவது ஒரு சிகரம், ஓர் ஏரி, அப்புறம் மறுவுலகத்துக்குள் நுழையும் ஒரு வாசல். இறந்தவரின் உயிரை 'முன்' என்கிற பூசாரி சொல்லாலேயே வழிநடத்தி, ஊரிலிருந்து ஆற்றோரமாக, அந்தக் குலத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவார். 'பொங்திங்' என்பவர் இன்னொரு வகைப் பூசாரி. இந்த வழிகாட்டும் சொற்கள் ஏட்டில் எழுதிப் படிப்பவை கிடையாது. கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதிந்தவை. இன்று ரோங் மக்களில் பௌத்தர்களும் கிறித்தவர்களும் நிறையப் பேர். முன், பொங்திங் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது.

தீஸ்தா ஆற்றுக் கதை என்று ஒன்று சொல்வார்களே?

ஆமாம், திருமணங்களில் பாடப்படும் கதை. தீஸ்தாவின் ரோங் பெயர் ரோங்ன்யு, அவள் பெண். ரங்கீத் ஆண். இருவரும் மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் சந்திப்போம் என்று பேசிக்கொண்டார்கள். ரோங்ன்யுவுக்கு வழிகாட்டியது பாம்பு, ரங்கீத்துக்கு வழிகாட்டியது பறவை. பறவை இரை தேடி அங்கும் இங்கும் அலைந்ததால் ரங்கீத் தாமதமாக வந்து சேர்ந்தான். அவள் முன்னாலேயே வந்து காத்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தான், தண்ணீர் மேலேறி நாடெல்லாம் மூழ்கியது. அப்போது தெண்டோங் மலை கொம்பு போல உயர்ந்து மக்களைக் காப்பாற்றியது. அந்த மலைக்கு நன்றி சொல்லும் விழா இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது; பெயர் தெண்டோங் லோ ரும் ஃபாத்.

வரைபடத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். தீஸ்தா ஒழுங்காக வளைந்து இறங்குவதும் ரங்கீத் அங்கே இங்கே திரும்பி வருவதும் அப்படியே தெரியும். நிலத்தைப் பார்த்துச் சொன்ன கதை.

அணைக்கட்டுப் போராட்டத்துக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு?

வடசிக்கிமில் ஜோங்கு என்ற பகுதி ரோங் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே வெளியார் நிலம் வாங்க முடியாது. குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை லெப்சா பேசும் ஊர்கள் இன்று பெரும்பாலும் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. அந்த ஜோங்குவிலும் தீஸ்தாவிலும் வரிசையாக நீர்மின் திட்டங்கள் வந்தபோது, 2007 ஜூனில் ரோங் இளைஞர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜோங்குவுக்குள் திட்டமிட்டிருந்த நான்கு திட்டங்களை அரசு 2008-ல் கைவிட்டது, எல்லாவற்றையும் கைவிடவில்லை.

மேலே சொன்ன 'முன்' பூசாரியை நினைத்துப் பாருங்கள். உயிர் போகும் வழி ஆற்றோரமாக, ஓடைக்கு ஓடை, பாறைக்குப் பாறை பெயர் சொல்லிப் போகிறது. ஆற்றைக் குழாய்க்குள் திருப்பிவிட்டால் அந்தப் பாட்டில் உள்ள பெயர்கள் எதைக் குறிக்கும்? ஆற்றங்கரையில் பிரம்பு கிடைத்தால்தான் 'ரு சோம்' என்கிற பிரம்புத் தொங்குபாலம் கட்டுவார்கள். கட்டினால்தான் எந்தப் பிரம்பை எப்போது வெட்டுவது, எப்படி முறுக்குவது என்ற சொற்கள் அடுத்த தலைமுறை வாயில் வரும். இந்த மொழியின் வளம் நிலத்தில் இருக்கிறது. அகராதியில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

2023 அக்டோபர் 4 அதிகாலையில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா அணையை அடித்துக்கொண்டு போனது. ஜோங்குவுக்குப் போகும் பாலமும் போயிற்று.

பேசுகிறவர்கள் ஏன் குறைந்தார்கள்?

1835-ல் டார்ஜிலிங் மலையைச் சிக்கிம் அரசர் ஆங்கிலேயரிடம் கொடுத்தார். தேயிலைத் தோட்டங்கள் வந்தன. வேலைக்கு நேபாளத்திலிருந்து பெருந்திரளாக ஆட்கள் வந்தார்கள். பல மொழி பேசிய அவர்களுக்கும் பொதுமொழியாக நேபாளி ஆயிற்று. சந்தை, தோட்டம், பள்ளி, கலப்புத் திருமணம் எல்லாவற்றிலும் அதுவே. ரோங் மக்கள் தங்கள் மலையிலேயே சிறுபான்மை ஆனார்கள். ஜோங்குவில்கூடப் பெரிய ஏலக்காய்ச் சாகுபடி வந்தபோது வெளியிலிருந்து கூலியாட்களும் அவர்களோடு நேபாளியும் வந்தார்கள். நேபாளி பேசுகிறவர்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. பிழைக்க வந்தவர்கள் அவர்கள்.

அரசு ஏதாவது செய்கிறதா?

சிக்கிமில் ஓரளவுக்கு நன்றாகவே. 1975-ல் இந்தியாவோடு இணைந்த இரண்டே ஆண்டுகளில், 1977-ல், நேபாளி, பூட்டியாவோடு லெப்சாவும் ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம்பெற்றது. பள்ளியில் பாடமாகப் படிக்கலாம். சிக்கிம் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருக்கிறது. கேங்டாக் வானொலியில் லெப்சா ஒலிபரப்பு உண்டு. ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இது இல்லை.

மேற்கு வங்கத்தில் பாரம் சமூகத்தின் தோளில்தான் இருந்தது. காலிம்போங், டார்ஜிலிங் ஊர்களில் தொண்டர்கள் இரவுப் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். பகலெல்லாம் வேறு மொழியில் படித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தாத்தாவின் மொழி. 2013-ல் அங்கே லெப்சா வளர்ச்சி வாரியம் அமைந்தது.

தனி மனிதர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். சோனம் ஷெரிங் லெப்சா ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளையும் இசைக்கருவிகளையும் திரட்டினார். காலிம்போங்கில் ஓர் அருங்காட்சியகமே வைத்தார். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2020-ல் காலமானார். துங்புக் என்கிற மூன்று தந்தி வாத்தியத்தின் ஒலி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிகிறதென்றால் அதில் அவர் பங்கு பெரிது.

கைபேசியில் லெப்சா எழுத முடியுமா?

முடியும். 2008-ல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது. நோட்டோ வரிசையில் இலவச எழுத்துருவும் இருக்கிறது.

ஜோங்குவுக்குப் போகலாமா?

போகலாம். வெளியூர் இந்தியர்களுக்கும் முன்அனுமதிச் சீட்டு வேண்டும். தங்குவதற்கு வீட்டு விடுதிகள் உண்டு. மழைக்காலத்தில் நிலச்சரிவு அதிகம், அப்போது தவிர்ப்பது நல்லது.

வீட்டுக்குள் நுழையும்போது 'கம்ரி' என்று சொல்லுங்கள், வணக்கம் என்று பொருள். கூட்டங்களில் 'ஆச்சுலே' என்று முழங்குவதையும் கேட்கலாம்; மலையை வாழ்த்தும் சொல். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் கீழே ஓடும் ஆற்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்டுப் பாருங்கள். முதலில் தீஸ்தா என்பார்கள், உங்களுக்குப் புரியட்டுமே என்று. ரோங்ன்யு என்று நீங்கள் எடுத்துக்கொடுத்தால் போதும், பேச்சு பாம்பிலும் பறவையிலும் போய் நிற்கும்.